தாள் நுழையாத கதவு

மூச்சை எண்ணாதே. எண்ணத் தொடங்கினால் அது நின்றுவிடும்போல் இருக்கும். இது வண்டிதான். கட்டில் இருக்கிறது, முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை இருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். கூப்பிட்டால் திறப்பார். ஆனால் கூப்பிட்டால் கேட்குமா?

கேட்காது என்று ஆனந்தமேரிக்குத் தெரியும். காலையில் கணவன் ராயப்பராஜே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தான். உள்ளே ரேடியோவை அலறவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியே நின்று காதை வைத்துப் பார்த்துவிட்டு, "பாத்தியா, முணுக்குன்னு ஒரு சத்தம் வருதா?" என்று சிரித்தான்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தரைக்குக் கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுக்கம் பாதத்தில் ஏறி முழங்கால்வரை வந்தது. மேலே ஏசி. அதன் காற்று பிடரியில் விழுந்தது. வெளியே மே மாத வெயில், பட்டறை முற்றத்தில் அடுக்கியிருந்த இரும்புத் தகடுகளில் கை வைக்க முடியாது. இங்கே கையில் மயிர் சிலிர்த்தது. இந்தக் குளிருக்காகத்தான் வாரக்கணக்காகப் பாடுபட்டார்கள்.

ஜன்னல் கண்ணாடியில் கணவனின் முகம் தெரிந்தது. இரண்டு தோளையும் குறுக்கி நடுங்குவதுபோல் செய்து காட்டினான். குளிருதா? அவள் தலையை ஆட்டினாள். இன்னும் செத்த நேரம் இரு என்று கையைக் காட்டிவிட்டு அந்த முகம் நகர்ந்தது.

போகாதீங்க என்றாள். கண்ணாடியில் வெயில் மட்டும் இருந்தது.

நெற்றிப்பொட்டில் ஒரு வலி தொடங்கியது. சின்ன வலிதான், தலைமுடியை யாரோ இறுக்கிப் பின்னுவதுபோல. பிறகு தூக்கம் வந்தது. பயந்துகொண்டிருக்கும் ஒருத்திக்கு எப்படித் தூக்கம் வரும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பே மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பதுபோல நகர்ந்தது. கதவு திறந்து ராயப்பராஜ் கை கொடுத்தபோது, தரை எங்கே இருக்கிறது என்று அவளுடைய காலுக்குத் தெரியவில்லை. இறங்கி நான்கு எட்டு வைத்து, முருங்கை மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் இஞ்ஞாசியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்தா மேரி, முழுகாம இருக்கியா என்ன? டெய்சிக்கு ஒரு தம்பி வரப்போறானா?"

"இல்லத்தே. தலவலி."

"அப்ப பயம்தேன். இவளுக்குப் பீரோவத் தொறந்தாலே பயம். வண்டிக்குள்ள ஒக்காருன்னா ஒக்காந்துருவாளா?"

ராயப்பராஜ் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

அவள் பயந்தவள்தான். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டாள். மதுரையில் ஒரு துணிக்கடையில் லிப்டில் ஏறச் சொன்னபோது நான்கு மாடியும் படியில் நடந்தாள். இடி இடித்தால் மகள் டெய்சி வந்து அம்மாவுக்குத் துணையாகப் படுத்துக்கொள்ளும். பயம் அவளுக்கு விருந்தாளி இல்லை, வீட்டோடு இருக்கும் ஆள். அதனால்தான் இப்போது சிக்கல். எப்போதும் பயந்துகொண்டிருப்பவள், உண்மையிலேயே பயப்பட வேண்டியது வரும்போது அதை எப்படி அடையாளம் காண்பாள்? யார் நம்புவார்கள்? அவளே நம்புவாளா?

ராயப்பராஜின் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இரும்புப் பெட்டகம் செய்கிறார்கள். மேட்டுப்பட்டியில் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. நகைக்கடைக்கும் அடகுக்கடைக்கும் அவன் செய்த பெட்டகங்கள் போயிருந்தன. யார் வீட்டுக்குப் போனாலும் மனிதரைப் பார்க்குமுன் கதவைப் பார்ப்பான். சட்டத்தோடு சரியாகப் பொருந்தாத கதவைக் கண்டால் அவனுக்குப் பல் கூசும்.

கன்னிவாடிப் பக்கம் ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்தபோது நடிகர்கள் தங்கும் கேரவனின் பூட்டு சிக்கிக்கொண்டு, அதைத் திறக்க அவனைக் கூட்டிப்போனார்கள். மலையடிவாரத்து வெயிலிலிருந்து அதற்குள் ஏறி, ஏசிக் காற்றில் நின்று பூட்டைக் கழற்றியவன், வேலையை முடித்துவிட்டு இறங்கினான். மனசு மட்டும் இறங்கவில்லை. அடுத்த வருஷம் சென்னையில் ஒரு சினிமாக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய கேரவனை வாங்கி ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டான். கல்யாணப்பெண்ணை மேக்கப் கலையாமல் மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம். நோயாளிகளைப் படுக்கவைத்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போகலாம். பழனிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் லாட்ஜ் தேட வேண்டாம். இந்தப் பக்கம் யாரிடமும் இல்லாத வண்டி.

வண்டியில் எல்லாம் இருந்தது. ஏசி மட்டும் குளிரவில்லை.

பேகம்பூரிலிருந்து சனாவுல்லா வந்தான். ஏசி மெக்கானிக். வாயும் கையும் ஒரே நேரத்தில் ஓடும். முதல் நாள் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "ராயப்பண்ணே, இது ஏசி இல்ல. சத்தம் போடுற காத்தாடி" என்றான். கேஸ் நிரப்பினான், குளிர்ந்தது. சில நாளில் மறுபடி வெந்நீர்க் காற்று. சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்துக் குழாயைப் பற்றவைத்தான். பிறகு மெஷின் 'டக்' என்று தொடங்கி நின்றுவிட்டது. கெப்பாசிட்டரை மாற்றினான். பிறகும் சரியாக இல்லை. கூரைமேல் இருக்கும் கம்பிவலைக்குள் சென்னைத் தூசியும் குருவிக் கூடும் அடைத்துக் கிடந்தன. அதைக் கழுவினான்.

டீ கொண்டுபோகும்போதெல்லாம் ஆனந்தமேரி நின்று பார்ப்பாள். அவனிடம் அவளுக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. அவன் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். "ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாதுக்கா" என்பான்.

கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "மெஷினு சுத்தம்ணே. குளிரு வருது. வந்து ஓடிப்போயிருது. ஒங்க வண்டி சல்லட. ஜன்னல்ல இடுக்கு, கதவுல இடுக்கு, கூரையில ஓட்ட. திண்டுக்கல் ஊரையே குளுர வைக்கிறதுன்னா இந்த மெஷினு பத்தாது."

ராயப்பராஜின் முகம் அன்று மலர்ந்ததை அவள் மறக்கவில்லை. கேஸும் கெப்பாசிட்டரும் வேறு ஆளின் தொழில். இடுக்கு அவனுடைய தொழில்.

கதவைக் கழற்றிச் சட்டத்தை அடித்து நேராக்கினான். சுற்றிலும் ரப்பர் ஒட்டினான். பெட்டகத்துக்கு வைப்பதுபோல் திருகுப்பிடி வைத்தான். பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் இரும்புக் கம்பி ஓடிக் கதவை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னல் விளிம்பு முழுக்கப் பசை. கூரையில் காற்றுப் போவதற்கென்று இருந்த சின்ன மூடியைத் தகடு வைத்து அடைத்தான். பிறகு பெட்டகக் கதவைச் சோதிப்பதுபோலவே சோதித்தான். தினத்தாளைக் கிழித்துக் கதவு விளிம்பில் வைத்துச் சாத்தி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுப்பான். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடுக்கு. கிழிந்து கையோடு வந்தால் சரி. சாயங்காலத்துக்குள் எல்லாப் பக்கமும் தாள் கிழிந்தது.

அதோடு விடவில்லை. ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்துச் சாத்தினான். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு விளிம்பிலும் மோந்து பார்த்தான்.

"வந்து மோந்து பாரு மேரி. வாடை வருதா?"

"வரல."

"உள்ள இருக்குறது வெளிய வராது. அம்புட்டுத்தேன், முடிஞ்சது."

ஜன்னல் வழியாக அவள் உள்ளே பார்த்தாள். புகை சுழன்று சுழன்று கட்டிலை மறைத்துக்கொண்டிருந்தது. போக இடமில்லாமல் தன்மேலேயே திரும்பத் திரும்ப மோதியது. அன்றுதான் அந்த வண்டியின் பயம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை.

இன்னொரு வேலையும் செய்திருந்தான். ஜெனரேட்டரின் புகைக்குழாய் பக்கவாட்டில், ஏறும் படிக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள்மேல் கரி அடிக்கும் என்று அதைச் சூடுகாட்டி வளைத்து வண்டிக்கு அடியில் திருப்பிவிட்டான். பார்க்கிறவர்கள் மெச்சினார்கள். குழாய் இருப்பதே வெளியே தெரியவில்லை.

குளிரைச் சொல்லும் வேலை ஆனந்தமேரிக்கு வந்தது. "ஆம்பளைக்கு எப்பவும் வேர்க்கும். பொம்பளதேன் சரியாச் சொல்லுவா" என்றான் ராயப்பராஜ். முடியாது என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் முடியாது என்று சொல்வதற்கு ஏற்கெனவே பெரிய பட்டியல் இருந்தது. இன்னொன்றைச் சேர்க்க வெட்கமாக இருந்தது.

வாந்தி எடுத்த அன்று ராத்திரி முழுக்க அவள் யோசித்தாள். தலைவலி பயத்தால் வந்ததா? வரலாம். பயந்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். ஆனால் பயந்து தூக்கம் வந்ததில்லை. ஒருநாளும் இல்லை. அவளுடைய பயம் அவளை விழிக்கத்தான் வைக்கும்.

இரண்டு நாள் கழித்து, கரண்டு இருந்த ஒரு முற்பகலில், பட்டறையிலிருந்து வயரை இழுத்து வண்டிக்குக் கொடுத்து ஏசியை ஓடவிட்டிருந்தான் ராயப்பராஜ். அவள் தானாகவே போய், "நான் ஒக்காந்து பாக்கவா?" என்று கேட்டாள். அவன் அதிசயமாகப் பார்த்தான்.

கதவு அதே கதவு. திருகுப்பிடி அதே சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. அதே பயம் வந்தது. கை வேர்த்தது. டெய்சியின் பாவாடையை எடுத்துப் போயிருந்தாள். ஓரம் அடிக்க ஊசி கோக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஆனால் பாவாடை முழுவதையும் அடித்து முடித்தபோது தலை வலிக்கவில்லை. தூக்கம் வரவில்லை. இறங்கும்போது தரை இருக்கிற இடத்தில் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கரண்டு போய்விட்டது. அந்தக் கோடையில் கரண்டு வருவதும் போவதும் யார் கணக்கிலும் இல்லை. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அவள் மறுபடி ஏறினாள். தெரிந்தே ஏறினாள். இந்தமுறை ஒரு தாவணி எடுத்துப் போயிருந்தாள். பாதி ஓரம்கூட அடிக்கவில்லை. நெற்றிப்பொட்டில் அந்தப் பின்னல் இறுகத் தொடங்கியது. ஊசி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. எழுந்து, பிடியைத் திருப்ப வலுவில்லாமல், இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். ராயப்பராஜ் வந்து திறந்துவிட்டான்.

கதவு அதே. ஆள் அதே. பயம்கூட அதே அளவு. மாறியது ஜெனரேட்டர் ஒன்றுதான்.

அன்று மத்தியானம், ஏசியைப் பார்க்க வந்திருந்த சனாவுல்லாவும் அங்கேயே சாப்பிட உட்கார்ந்தான். வாழைக்காய் வெஞ்சனத்தை இலையில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"கரண்டுல ஓடுனா தலை வலிக்கலைங்க. ஜெனரேட்டர் ஓடுனாத்தேன் வலிக்குது. அந்தக் குழாயும் அடியிலதானே திரும்பி இருக்கு. பொகை உள்ள வருதோ என்னமோ."

ராயப்பராஜ் சோற்றைப் பிசைந்தபடி மனைவியைப் பார்த்தான். "தாள் நுழையாத கதவு மேரி. ஊதுபத்தி வாடையே வெளிய வரல, அது எப்படி உள்ள போகும்?"

"கட்டிலுக்கு அடியில வயரு எறங்குற ஓட்ட இருக்குல்ல?"

"அது விரல் நுழையுற ஓட்ட. அதுல பொகை வந்து ஒன்னைய என்ன செய்யும்?"

"வந்தா மூக்குக்குத் தெரியாதாக்கா?" என்றான் சனாவுல்லா. "நானுந்தேன் உள்ள நின்னேன். பெட்ரோல் வாடை இல்ல, பொகை வாடை இல்ல. என் கிட்ட ஏசியில கொற சொல்லுங்க, கேட்டுக்கிறேன். சும்மா நல்ல மெஷின்மேல பழி போடாதீங்க."

"வாடை இல்லாமலும் வரலாம்ல?"

"வாடை இல்லாத பொகையா?" சனாவுல்லாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அதுக்குப் பேரு காத்துக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும் ராயப்பராஜ் அவளுக்காகவே உள்ளே ஏறினான். ஜெனரேட்டர் ஓடியது. அவன் ரப்பரை அழுத்திப் பார்ப்பதும், பிடியைத் திருப்பிக் கதவைத் திறப்பதும், மறுபடி சாத்துவதுமாக இருந்தான். ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் இறங்கி வந்து கையை விரித்தான். "பாரு. உசுரோட இருக்கேன்."

நீங்க கதவத் திறந்துகிட்டே இருந்தீங்க என்று அவள் சொல்ல நினைத்தாள். சொன்னால் அதுவும் பயத்தின் கணக்கில்தான் போகும்.

அதன் பிறகு அவள் ஏறவில்லை. வயிறு சரியில்லை என்றாள், துணி ஊறுகிறது என்றாள். கோயிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட அந்த வண்டிதான் கண்ணுக்குள் நின்றது. எனக்குத் தைரியம் கொடு என்று கேட்பதா, பயத்தை எடுத்துவிடு என்று கேட்பதா என்று தெரியாமல் ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்தாள்.

வியாழக்கிழமை கீரனூரிலிருந்து போன் வந்தது. பழனியம்மாள் என்று ஒரு பெரிய வீட்டு அம்மாள். மகளுக்குக் கோயமுத்தூரில் பிரசவம் ஆகியிருக்கிறது. பச்சைப்பிள்ளையையும் தாயையும் இந்த வெயிலில் காரில் கொண்டுவர மனசில்லை, படுக்கவைத்துக் குளுகுளுவென்று கூட்டிவர வண்டி இருக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொன்னாள். ராயப்பராஜ் செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்கு வந்த முதல் சவாரி. அன்று பகல் முழுக்க வண்டியைக் கழுவினான்.

ஆனந்தமேரி சோறு வடித்துவிட்டு டெய்சியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. பக்கத்து வீட்டில் இல்லை. தெருவில் பிள்ளைகள் யாருமே இல்லை, அப்படி வெயில். முருங்கை மரத்தடியில் டெய்சியின் செருப்பு ஒன்று கிடந்தது. இன்னொன்று வண்டியின் படியில் இருந்தது.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ராயப்பராஜ் வண்டியின் முன்பக்கம் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். அவனைக் கூப்பிடவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. திருகுப்பிடியைப் பிடித்தாள். வேர்த்த கையில் அது வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றித் திருப்பினாள். கதவு அவளை எதிர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டது.

உள்ளே நல்ல குளிர். திரை போட்ட இளஞ்சிவப்பு வெளிச்சம். டெய்சி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கன்னம் இரண்டும் சிவந்து, உதடு சிவந்து, பாதிரியார் கொடுக்கும் படத்தில் இறக்கையோடு இருக்கும் சம்மனசுபோல இருந்தது.

"டெய்சி."

தோளைத் தொட்டாள். உலுக்கினாள். தலை, கழுத்தில் ஒட்டாததுபோல அந்தப் பக்கம் சாய்ந்தது. ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கி எத்தனையோ நாளாகிவிட்டது. எப்படித் தூக்கினாள் என்று தெரியாது. படியில் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது பிறகுதான் தெரிந்தது. நிழலில் மண்ணில் கிடத்தி, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டினாள். அந்தக் குரல் அவளுடையதுபோல இல்லை.

ராயப்பராஜ் ஓடிவந்தான். இஞ்ஞாசியம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை கண்ணைத் திறந்தது, யார் யாரையோ பார்ப்பதுபோல எல்லோரையும் பார்த்தது, பிறகு அம்மாவின் மடியில் வாந்தி எடுத்தது. "தலை வலிக்குதும்மா" என்றது.

"ஒண்ணுமில்லடி என் தங்கம்" என்றாள் இஞ்ஞாசியம்மாள், மூச்சு வாங்க. "வெயில்ல ஆடிட்டு வந்து குளுமையில படுத்திருக்கு. நல்லா அசந்து தூங்கிருச்சு. மொகத்தப் பாரு, ரோசாப்பூக் கணக்கா."

ஆனந்தமேரி கணவனைத்தான் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. கண் ஒருமுறை வண்டிக்கு அடியில் போய், அவளிடம் வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த நொடி அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

"நெறைய மாம்பழம் தின்னுச்சு காலையில" என்றான்.

டாக்டரிடம் தூக்கிப்போனார்கள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ராயப்பராஜ் சொல்லிவிட்டான்: "வெயில்ல ஆடிட்டு ஏசியில படுத்துட்டா சார்." வெயிலில் விடாதீர்கள் என்றார் டாக்டர். அதற்குள் டெய்சியும் காலை ஆட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டது.

"ஜெனரேட்டர் ஓடிச்சு சார்" என்றாள் ஆனந்தமேரி. அடுத்த பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து டெய்சி தூங்கும்போது அவள் அதன் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். பிள்ளை கண்ணில் படாவிட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள். வண்டி வெள்ளையாக, கழுவித் துடைத்து நின்றது. அவள் இப்போது அதைப் பார்த்து நடுங்கவில்லை. நடுக்கத்துக்குப் பதிலாக உள்ளே ஏதோ கெட்டியாக நின்றது. அதுவும் பயம்தான். ஆனால் இதற்கு முன்னால் வந்த பயங்களெல்லாம் அவளை ஓடச் சொன்னவை. இது நிற்கச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலை மாற்றுவதற்குள் கார் வந்துவிட்டது. பழனியம்மாள் கனத்த உடம்பு, வெள்ளை ரவிக்கை, நெற்றி நிறையத் திருநீறு. வண்டியில் ஏறிக் கட்டிலை அழுத்திப் பார்த்தாள், கண்ணாடியில் முகம் பார்த்தாள், கதவின் பிடியைத் திருப்பிப் பார்த்து, "ஏனுங்க, பேங்கு பெட்டி மாதிரியல்ல இருக்குது" என்றாள்.

"ஆமாங்கம்மா. ஒரு சொட்டுக் காத்து வெளிய போவாது" என்றான் ராயப்பராஜ். வேளாங்கண்ணிக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். "கன்னிவாடி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டுறேன். நீங்க உள்ள படுத்துக்கிட்டு வாங்க. ஓடுற வண்டியில எப்படிக் குளுருதுன்னு நீங்களே பாருங்க."

"நான் மட்டும் எதுக்குங்க தனியா?" பழனியம்மாள் வாசலில் நின்ற ஆனந்தமேரியைப் பார்த்துச் சிரித்தாள். டெய்சி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அம்மிணியும் பாப்பாவும் கூட வரட்டும். பேசிக்கிட்டே போலாம். பச்சக் கொழந்தைய ஏத்தப் போறேன் பாருங்க, உங்க ஊட்டுப் புள்ள ஏறுன வண்டின்னா எனக்கும் ஒரு தைரியம்."

"வருவாங்க வருவாங்க. டெய்சி அதுலதேன் தூங்கும்." ராயப்பராஜ் அவள் பக்கம் திரும்பினான். "மேரி, ஏறு. பிள்ளையத் தூக்கு."

அவன் குனிந்து ஜெனரேட்டரைப் போட்டான். அதன் சத்தம் முற்றத்தை நிறைத்தது. டெய்சி படியை நோக்கி ஒரு எட்டு வைத்தது. ஆனந்தமேரி அதன் கையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளங்கை வேர்த்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

"நாங்க வரலைங்க" என்றாள்.

"ஏன் கண்ணு?"

"அவளுக்குச் சின்னதுலருந்தே பயந்த சுபாவங்கம்மா" என்றான் ராயப்பராஜ் வேகமாக. "லிப்டுக்குப் பயம், கெணத்துக்குப் பயம். நீங்க ஏறுங்க."

"ஆமாங்க, பயம்தேன்" என்றாள் ஆனந்தமேரி. பழனியம்மாளைப் பார்த்தே சொன்னாள், குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு இந்த ஜெனரேட்டரு ஓடும்போது பிள்ள உள்ள தூங்குனா. எழுப்பினேன், எந்திரிக்கல. தூக்கிட்டு வெளிய வந்துதேன் எழுப்ப முடிஞ்சது. ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

பழனியம்மாள் பிடியின்மேல் இருந்த கையை எடுத்துவிட்டாள்.

ராயப்பராஜ் மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடமிருந்து சோப்பு வாசனையும் வேர்வையும் வந்தன. எல்லோருக்கும் முன்னால் அவளை அதட்டுகிற ஆள் இல்லை அவன். குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவதுபோலக் கேட்டான். "ஒரே ஒரு தடவ மேரி. கன்னிவாடி போயிட்டு வந்துரலாம். எனக்காக ஏறு."

அவன் கண்ணில் இருந்ததும் பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. டெய்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இல்லங்க" என்றாள். "நானும் ஏற மாட்டேன். இவளையும் ஏத்த மாட்டேன்."